மலர்களைக் குறியிட்டு வைப்போம்

சாந்த்ராகாச்சியில் வளரும் நம் பிள்ளைகள் பலர் கணினி நிரல் எழுதுகிறார்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறார்கள். சங்க மலர்களைக் கொண்டே இரண்டையும் இணைக்கலாம்.

1990களில் தட்டச்சான மலர்களை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற எழுத்துகளே தெரியும். படமெடுத்து வைத்தால் போதாதா என்பார்கள். வெறும் படத்தில், திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பங்கள் எவை என்று தேடி எடுக்க முடியாது.

யூனிகோடுக்கு மாற்றி, எக்ஸ்.எம்.எல். முறையில் குறியிட்டால் முடியும். 1998இல் வெளியான அம்முறையில் 'பெயர்', 'ஊர்', 'ஆண்டு' என்று தமிழிலேயே குறிச்சொல் இடலாம். பி.எச்.பி. மொழியிலுள்ள சிம்பிள் எக்ஸ்.எம்.எல். வசதி, சில வரி நிரலில் அவற்றைப் படித்துப் பிரித்துத் தரும்.

இந்தப் பூஜா விடுமுறையில் ஒரே ஒரு மலரை எடுப்போம். பாட்டி படித்துச் சொல்லட்டும், பேத்தி குறியிடட்டும். எது பெயர், எது ஊர் என்று பிரித்தறியத் தமிழ் படித்துத்தானே ஆகவேண்டும்!