இலை சுருண்டால் என்ன செய்வீர்கள்?

உங்கள் வீட்டு ஜன்னலோரத்தில், தொட்டியில் ஒரு மிளகாய்ச் செடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் பார்க்கிறீர்கள். கொழுந்து இலைகளெல்லாம் சுருண்டிருக்கின்றன. உடனே என்ன செய்வீர்கள்? தண்ணீர் ஊற்றுவீர்களா? உரம் போடுவீர்களா? கடைக்குப் போய் மருந்து வாங்கி வருவீர்களா?

இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தவன் நான். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். 'சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்காதீர்கள்' என்று வகுப்பில் சொல்லாத நாளில்லை. ஆனால் என் தாயார் இரண்டு தொட்டிகளில் வளர்த்த மிளகாய்ச் செடிகள் சுருண்டபோது, அந்தப் பாடத்தை நானே மறந்துவிட்டேன்.

"வெயில் கடுமை, தண்ணீர் போதவில்லை" என்றேன். ஒரு வாரம் கூடுதலாக ஊற்றினோம், பயனில்லை. "சத்துக் குறைவு" என்று உரமிட்டேன், அதற்கும் பயனில்லை. பின்பு கடைக்குச் சென்று, 'மிளகாயில் இலைச் சுருட்டல்' என்று மட்டும் சொன்னேன். ஒரு பூச்சிக்கொல்லியைக் கொடுத்தார்கள். இருமுறை தெளித்தேன். சுருட்டல் முன்னைவிட அதிகமாயிற்று.

அப்போது அம்மா கேட்டார்: "இந்தக் காயை இனிக் குழம்பில் போடலாமாடா? குழந்தைகள் சாப்பிடுகிற குழம்பாச்சே!" நான் வாயடைத்து நின்றேன். காய்களையெல்லாம் பறித்து மண்ணில் புதைத்தோம்.

நான் செய்த தவறு என்ன? சுருட்டலை ஒரு நோயின் பெயராக எண்ணியதுதான். அது நோயன்று, காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. காய்ச்சல் பல காரணங்களால் வருவதுபோல, இலையும் பல காரணங்களால் சுருளும். காரணத்தைக் கண்டறியாமல் மருந்து தேடுவது இருட்டில் கல்லெறிவதற்குச் சமம்.

இனி, கண்டறியும் வழியைப் பார்ப்போம். இதற்கு நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலே ஓரளவு உதவும்.

கம்பிச் சுருளை மெதுவாக இழுத்து விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். மீட்சி எல்லையைத் தாண்டி இழுத்தால் வராது. இலையிலும் இவ்விரு வகை உண்டு. நடுப்பகல் வெயிலில் நீர் குறைந்து, செல்களின் விறைப்பு தளர்ந்து சுருளும் இலை, இரவில் நீர் ஏறியதும் காலையில் விரிந்துவிடும். வளரும்போதே கோணலாக வளர்ந்த இலையோ காலையிலும் அப்படியேதான் இருக்கும். எனவே நண்பகலில் ஒருமுறையும், விடியற்காலையில் ஒருமுறையும் பாருங்கள். நான் இதைச் செய்திருந்தால், ஒரு வாரம் வீணாகத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டேன்.

அடுத்து, எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது? பித்தளையும் இரும்பும் ஒட்டிய ஈருலோகப் பட்டையைச் சூடாக்கினால், அதிகம் நீளும் பித்தளை வளைவின் வெளிப்பக்கம் அமையும். இலையிலும் அதிகம் வளர்ந்த பக்கமே வெளிப்பக்கம். விளிம்புகள் கவிழ்த்த தோணிபோல் கீழ்நோக்கி வளைந்தால், அடிப்பக்கத்தின் வளர்ச்சி குன்றிவிட்டது என்று பொருள். கொழுந்தின் அடியிலிருந்து சாற்றை உறிஞ்சும் முரணைச் சிலந்தி மிளகாயில் இப்படித்தான் செய்கிறது. இலைக்காம்பும் எலிவால்போல் நீண்டுவிடும்.

விளிம்புகள் மேல்நோக்கி வளைந்தால்? இலைப்பேனாக இருக்கலாம். வெள்ளை ஈ பரப்பும் வைரஸாகவும் இருக்கலாம். இங்கே எச்சரிக்கை தேவை! இலைப்பேனும் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். ஆயினும் இலை மேல்நோக்கியே வளைகிறது. ஆகவே, எந்தப் பக்கம் அதிகம் வளர்ந்தது என்பதை மட்டுமே வளைவு சொல்லும். குற்றவாளி யார் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறியவேண்டும்.

வெள்ளைத்தாளின்மேல் கொழுந்தைத் தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய பூச்சிகள் ஊர்ந்தால் அவை இலைப்பேன்கள். செடியை அசைத்ததும் வெண்ணிறச் சிறு ஈக்கள் எழும்பினால் அவை வெள்ளை ஈக்கள். முரணைச் சிலந்தியோ சுமார் 0.2 மில்லிமீட்டர்தான், அதற்குக் கைலென்ஸ் வேண்டும்.

எங்கள் கல்லூரித் தாவரவியல் ஆசிரியர் ஒருவர் தந்த லென்ஸில் அதைத்தான் கண்டேன். அது பூச்சியே அன்று. எட்டுக்கால் கொண்ட சிலந்தியின் உறவு. பூச்சிகளைக் கொல்லும் மருந்துகள் பல இதை ஒன்றும் செய்வதில்லை. மாறாக, இதைத் தின்று வாழும் நல்ல உயிரினங்களைக் கொன்று, இது பெருகவே வழி செய்கின்றன. என் செடிகளிலும் இதுவே நடந்திருக்கவேண்டும்.

பிறகு இரண்டு தொட்டிகளையும் மொட்டை மாடியில், ஒரே அளவு வெயில் கிடைக்குமாறு தள்ளித் தள்ளி வைத்தேன். இரண்டிலும் கொழுந்துகளைக் கிள்ளி அழித்தேன். ஒன்றில் மட்டும் மாலை வேளையில் நனையும் கந்தகம் தெளித்தேன். மூன்று வாரத்தில் அதில் தட்டையான புது இலைகள் வந்தன. மற்றதில் கொழுந்து மீண்டும் சுருண்டது. இரண்டு தொட்டிகளைக் கொண்டு உறுதியான முடிவுக்கு வரமுடியாது என்பது உண்மையே. எனினும் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றொன்றை ஒப்பீட்டுக்கு விட்டதால், முதன்முறையாக நான் ஏதோ கற்றுக்கொண்டேன். முன்பு நீர், உரம், மருந்து என்று மாற்றி மாற்றிச் செய்ததில் எதையுமே கற்கவில்லை.

ஒன்றை நினைவில் வையுங்கள்: கோணலாக வளர்ந்துவிட்ட இலை எந்த மருந்தாலும் நிமிராது. மருந்து பலித்ததா என்பதைப் புதிய இலைகளே சொல்லும். பழைய இலையைப் பார்த்து மறுபடி மறுபடி தெளிப்பது வீண், கேடும்கூட. வைரஸ் தாக்கிய செடிக்கோ மருந்தே கிடையாது. அதைப் பிடுங்கி அழிப்பதே மற்றச் செடிகளுக்கு நல்லது.

நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் பட்டியலாக மனப்பாடம் செய்வது அறிவியலாகாது என்பது என் கருத்து. தெளித்த மருந்து இலையோடு நிற்பதில்லை. காய்க்கும் மண்ணுக்கும் நம் சாப்பாட்டுத் தட்டுக்கும் வருகிறது. ஆகவே உங்கள் வீட்டில் யாரேனும் மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தால், "சற்றுப் பொறுங்கள், இலையைத் திருப்பிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். மருந்து தேவைப்பட்டால் அதைப் பெரியவர்களே தெளிக்கட்டும். பார்க்கும் வேலை உங்களுடையது. ஒரு குறிப்பேடும் ஒரு லென்ஸும் போதும். நாளை காலையிலேயே தொடங்குங்கள்!