வளர்ச்சிசார் குறைபாடுடையோருக்கான மருத்துவக் காப்பீடு: ஒன்றுக்கு மேற்பட்ட திட்டங்களை இணைத்துப் பயன்படுத்துதல்

மூளை முடக்குவாதமும் வலிப்பு நோயும் உள்ள 17 வயது மகன் உங்கள் இல்லத்தில் இருப்பதாகக் கொள்வோம். இறுகிப்போன கால் தசைநாணைத் தளர்த்த அறுவை சிகிச்சை தேவை என்று எலும்பியல் மருத்துவர் கூறுகிறார். அறுவைக்குப் பின் பல மாதங்களுக்கு இயன்முறை சிகிச்சை வேண்டும். வலிப்புக்கான மாத்திரைகளை நாள்தோறும் தர வேண்டும். இம்மூன்று செலவுகளுக்கும் அரசின் உதவி உண்டு. ஆயினும் அவை ஒரே அட்டையில் இல்லை. ஒரே துறையின் கீழும் இல்லை. எந்தச் செலவுக்கு எந்தத் திட்டம், எந்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத் தொகுத்துச் சொல்லும் பொறுப்பு எந்த ஓர் அலுவலருக்கும் வரையறுக்கப்படவில்லை. நடைமுறையில் அந்தப் பொறுப்பைப் பெற்றோரே சுமக்கின்றனர். தமிழ்நாட்டில் உள்ள ஏற்பாடுகள் எங்கே பொருந்துகின்றன, எங்கே இடைவெளி விடுகின்றன என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு முதன்மையானது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இது ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைத்துச் செயல்படுத்தப்படுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு, ஓராண்டில் 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். சிகிச்சைப் பட்டியலில் உள்ள அறுவையாக இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட அரசு அல்லது தனியார் மருத்துவமனையே முன் அனுமதி பெற்று நடத்தும்; நீங்கள் பணம் செலுத்தத் தேவையில்லை. இத்தொகை குடும்பம் முழுமைக்கும் பொதுவானது என்பதை மட்டும் நினைவில் கொள்க. தாத்தாவின் இதயச் சிகிச்சைக்கும் பேரனின் கால் அறுவைக்கும் அதே 5 லட்சம்தான்.

இத்திட்டம் பெரிய நோய்களையும் அறுவைகளையும் மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. வளர்ச்சிசார் குறைபாடுடைய ஒருவரின் செலவோ பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையில் நேர்வதில்லை. வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, இயன்முறை சிகிச்சை, அவ்வப்போது இரத்தப் பரிசோதனை, பல் மருத்துவம், இவற்றுக்குச் சென்று வரும் வாகனச் செலவு எனச் சிறு சிறு தொகைகளாக ஆண்டு முழுவதும் நீள்கிறது. எந்த ஒரு ரசீதும் பெரிதாகத் தோன்றாது. கூட்டிப் பார்த்தால்தான் சுமை தெரியும்.

இந்த வகைச் செலவுக்கென அமைந்ததே தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளில் ஒன்று உள்ள எவரும் எந்த வயதிலும் சேரலாம். சேருமுன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டி மறுப்பதும் கிடையாது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை புறநோயாளர் சிகிச்சை, மருந்துகள், தொடர் பயிற்சிச் சிகிச்சைகள், பல் பராமரிப்பு, திருத்த அறுவை, போக்குவரத்து ஆகியவை அடங்கும். ஒவ்வொரு தலைப்புக்கும் தனி உச்சவரம்பு உண்டு என்பதால், 1 லட்சத்தையும் பயிற்சிச் சிகிச்சைக்கே கோர இயலாது. தேசிய அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியாக விண்ணப்பிக்கலாம். சேர்க்கைக் கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

இங்கே இரண்டு நாட்கணக்குகளில் பல குடும்பங்கள் இழப்பைச் சந்திக்கின்றன. நிராமயா ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. நீங்கள் டிசம்பரில் சேர்ந்திருந்தாலும் மார்ச் 31-இல் முடிந்துவிடும். புதுப்பிக்கத் தவறினால் அந்த இடைவெளியில் நேரும் செலவைக் கோர முடியாது. அடுத்து, இது செலவழித்த பின் திரும்பப் பெறும் முறை. சிகிச்சை முடிந்த அல்லது வீடு திரும்பிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மூல ரசீதுகளும் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டும் போய்ச் சேர வேண்டும். கையில் பணமில்லாத குடும்பத்துக்கு, முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு கேட்பது எளிதன்று. திட்டத்தின் உண்மையான குறை இதுவே.

எனவே இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். அறுவையை முதலமைச்சர் காப்பீட்டில் செய்துகொண்டால், உங்கள் மகனின் நிராமயா தொகை குறையாமல் இருக்கும்; வீடு திரும்பிய பின் நேரும் இயன்முறை சிகிச்சை, போக்குவரத்துச் செலவுகளை அதில் கோரலாம். ஒரே ரசீதை இரண்டு திட்டங்களிலும் கோரக் கூடாது. வலிப்பு மாத்திரைகளை அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பெற்றால், நிராமயாவின் புறநோயாளர் வரம்பு பிற பரிசோதனைகளுக்கு மிஞ்சும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெறவும் வழியுண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி வயது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோருக்கானது. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து பரிசோதிக்கிறது; வளர்ச்சித் தாமதம் கண்டறியப்பட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. குழந்தைகள் மருத்துவர், பயிற்சியாளர், உளவியலாளர் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அரிய இடம் அது. 18 வயது நிறைந்ததும் இந்த ஏற்பாடு முடிவுக்கு வருகிறது. பள்ளி வழியே கிடைத்த பயிற்சியும் ஏறத்தாழ அதே காலத்தில் நின்றுவிடும். குறைபாடு மட்டும் நிற்பதில்லை.

அதே பிறந்தநாளில் மற்றொன்றும் மாறுகிறது. 18 வயது நிறைந்தவர் சட்டப்படி வயதுவந்தவர். அவரால் தாமே முடிவெடுக்க இயலாத நிலையிலும், பெற்றோர் என்ற உறவினால் மட்டும் அவர் சார்பில் கையொப்பமிடும் அதிகாரம் உங்களுக்குத் தொடர்வதில்லை. அறுவைக்கான ஒப்புதல், வங்கிக் கணக்கு, காப்பீட்டுத் தொகை பெறுதல் ஆகிய அனைத்திலும் இக்கேள்வி எழும். மேற்கூறிய நான்கு நிலைகளுக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் நீதிமன்றம் செல்லாமலே தீர்வு தருகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் சட்டப் பாதுகாவலர் சான்று கோரி விண்ணப்பிக்கலாம். பாதுகாவலர் தேவைதானா, எந்தெந்தச் செயல்களுக்குத் தேவை என்பதையும் அக்குழு ஆராயும். 17 வயதிலேயே ஆவணங்களைத் திரட்டி வைப்பது நல்லது. இதைப் பள்ளியோ மருத்துவமனையோ முன்கூட்டியே சொல்வது அரிது. சிகிச்சை வாயிலில் நிற்கும்போதே பலர் அறிய நேர்கிறது.

பெற்றோரில் ஒருவர் தொழிலாளர் காப்பீட்டுக் கழகத்தின் கீழ் வருபவரானால் ஒரு நற்செய்தி. உடல் அல்லது மனக் குறைபாட்டினால் பெற்றோரின் வருவாயையே முழுவதும் சார்ந்திருக்கும் பிள்ளைக்கு, அந்நிலை நீடிக்கும் வரை அச்சட்டப்படி மருத்துவப் பயன் உண்டு. வயது வரம்பு இல்லை.

சட்டங்களின் வரையறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதையும் அறிந்திருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளை ஏற்கிறது. நிராமயா நான்கோடு நிற்கிறது. இதனால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு மட்டும் உள்ள குழந்தை மாற்றுத்திறனாளியாக ஏற்கப்பட்டும் நிராமயாவுக்கு வெளியே நிற்கும். மன நோய்க்கும் உடல் நோய்க்கும் காப்பீட்டில் சமநிலை வேண்டும் என்னும் 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், அறிவுசார் குறைபாட்டை மன நோய் என்னும் வரையறையிலிருந்து விலக்கியுள்ளது. ஆகவே தனியார் காப்பீட்டு நிறுவனத்திடம் அச்சட்டத்தை மட்டும் காட்டிப் பயனில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிக் காப்பீட்டு ஆவணம் வழங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023 பிப்ரவரியில் பணித்தது. அதைச் சுட்டிக் கேளுங்கள். அரசு மருத்துவமனை வரிசையில் முன்னுரிமை கோருவதற்கும் தயங்க வேண்டாம். அது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தரும் உரிமை.

இவை அனைத்துக்கும் அடிப்படை, மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டையும் குறைபாட்டுச் சான்றும். குழந்தைப் பருவத்தில் தரப்படும் சான்றுகள் பல தற்காலிகமானவை. மறுமதிப்பீட்டு நாள் சான்றிலேயே இருக்கும். பெயரும் ஒரு சிக்கல். ஆதாரில் தந்தை பெயர் முழுமையாகவும், குடும்ப அட்டையில் முதலெழுத்தாகவும், சான்றில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரலாம். நிராமயாவில் சேருமுன் இதைச் சீர்செய்யுங்கள்.

வழிகாட்டுதலுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். சில இடங்களில் ‘விழுதுகள்’ ஒருங்கிணைந்த சேவை மையங்களும் தொடங்கப்பட்டுள்ளன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கான மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ளது. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நிராமயாவுக்கு மூல ரசீதுகளை அனுப்பும் முன், ஒவ்வொன்றுக்கும் படி எடுத்து, அனுப்பிய நாளை அதன் மேல் எழுதி வையுங்கள்.