ஏட்டுக்கேற்ற ஆளா? ஆளுக்கேற்ற ஏடா?



அலுவலக வாயிலிலே அன்றாடம் அரங்கேறும் ஒரு நாடகத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

"பெயர் என்ன?" என்கிறார் எழுத்தர். வந்தவர் தாம் வாழும் பெயரைச் சொல்லுகிறார். ஊரார் அழைக்கும் பெயரைச் சொல்லுகிறார்.

"ஏட்டில் வேறு பெயர் இருக்கிறதே?"

"அது பிறந்தபோது வைத்த பெயர், ஐயா. நான் திருநங்கை."

"இருக்கலாம். ஆனால் ஏடு அப்படிச் சொல்லவில்லையே!"

"அந்த ஏட்டைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்."

"தாராளமாகத் திருத்தலாம். நீங்கள் யார் என்பதற்கு ஏதேனும் ஏடு இருந்தால் கொண்டு வாருங்கள்!"

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான்! ஆள் எதிரே நிற்கிறார், வாய் திறந்து பேசுகிறார், கண் கலங்கக் கேட்கிறார். அவர் சொல்வது செல்லாது. பழுப்பேறிய காகிதம் சொல்வதே செல்லும். மனிதனுக்காக ஏடு என்ற நிலை மாறி, ஏட்டுக்காக மனிதன் என்றாகிவிட்ட கொடுமையை என்னென்பது!

கொடுமை ஒரு ஏட்டோடு முடிகிறதா? பள்ளிச் சான்றிதழ், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் என்று ஏடுகள் ஏழெட்டு. ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சாட்சிக்கு அழைக்கிறது. வாக்காளர் பட்டியலில் ஆண், பெண் அல்லாத 'இதர' என்னும் பிரிவைத் தேர்தல் ஆணையம் 2009இல் திறந்தது. வருமான வரித்துறையின் நிரந்தரக் கணக்கு எண் விண்ணப்பத்திலோ, திருநர் என்னும் கட்டம் 2018இல்தான் இடம் பெற்றது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் ஒரே அரசின் ஒரு துறைக்கு அவர் ஒருவர். மறு துறைக்கு அவர் வேறொருவர். பொய் சொன்னவர் யார்? அவரா? அரசின் ஏடுகளா?

தன் பெயரைத் தானே தீர்மானித்துக்கொள்ளும் உரிமை என்றால் என்னவென்று நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இந்த மண்ணுக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்டுங்கள் என்று கேட்டு 1956இல் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார் சங்கரலிங்கனார். 1967இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14இல் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இது தமிழ்நாடாக இல்லையா? இருந்தது! மக்கள் நெஞ்சில் இருந்தது, நாவில் இருந்தது, ஏட்டில்தான் இல்லை. ஏடு பிந்தி வந்தது, உண்மை முந்தி நின்றது. ஒரு நாட்டுக்கு நாம் கேட்ட நீதியை ஒரு மனிதருக்கு மறுக்கலாமோ?

திருப்பத்தூரைப் பாருங்கள். வட ஆற்காட்டில் இருந்த ஊர். வேலூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 2019 நவம்பர் 28இல் தானே ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. எத்தனை முத்திரைகள் மாறின, எத்தனை பலகைகள் மாறின! மாவட்டம் பெயர் மாற்றிக்கொண்டபோது எந்த மருத்துவரும் அதன் நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லையே!

அதே திருப்பத்தூரில், அதே 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் மற்றொரு புதுமை நிகழ்ந்தது. வழக்குரைஞர் ம.ஆ. சினேகா, தாம் சாதியும் மதமும் அற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழ் பெற்றார். பள்ளிப் பருவம் முதலே அவருடைய ஏடுகளில் அந்தக் கட்டங்கள் வெறுமையாகவே விடப்பட்டிருந்தன. 2010இல் கேட்கத் தொடங்கியவர். கையில் கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. கிடைத்தபோது வானம் இடிந்துவிட்டதா? வட்டாட்சியர் அலுவலகம் கவிழ்ந்துவிட்டதா? இல்லை! 'நான் இன்னார்' என்று ஒருவர் சொன்னதை அரசு எழுதிக் கையொப்பமிட்டது, அவ்வளவே. அன்று சாதிக் கட்டத்தில் முடிந்தது பால் கட்டத்தில் முடியாதா?

ஊருக்குள் இருப்பவருக்கே ஒன்பது ஆண்டுகள் என்றால், மலைமேல் இருப்பவரின் நிலை என்ன? ஜவ்வாது மலையின் புதூர்நாட்டில் பிறந்த ஒரு திருநங்கை என்று வைத்துக்கொள்வோம். பழங்குடிச் சான்றிதழ் அவருக்குப் படிப்பின் படிக்கட்டு, வேலையின் வாசல். அந்தச் சான்றிதழோ பழைய பெயரில். பெயரை மாற்றினால் சான்றிதழ் பொருந்தாது; சான்றிதழைக் காத்தால் பெயர் பொருந்தாது. வீட்டார் வாசலை அடைத்துவிட்டால் பழைய ஏடுகளும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒரு கையெழுத்துக்காக மலையிறங்கி வருகிறவர், 'அடுத்த வாரம் வாருங்கள்' என்ற சொல்லோடு மலையேறினால், அன்றைய கூலி போயிற்று, பேருந்துக் கட்டணம் போயிற்று, நம்பிக்கையும் போயிற்று.

வடமொழிப் பண்டிதரும் மேனாட்டுப் பேராசிரியரும் வந்து கற்பிக்கும் முன்பே, தொல்காப்பியர் இவர்களுக்கு இலக்கணம் வகுத்தார். உயர்திணை என்றார். இவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணையின் பால் முடிபையே ஏற்பர் என்றார். மனிதர் என்று ஒப்புக்கொள்ள ஓலைச்சுவடிக்குத் தயக்கமில்லை. அச்சு விண்ணப்பத்திற்குத்தான் தயக்கம்!

"சொன்னதையெல்லாம் எழுதிவிடலாமா? மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டாவோ?" என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. மருத்துவர் பார்த்த கதையைக் கேளுங்கள். கரூர் மாவட்டக் காவல்துறையில் பெண் காவலராகத் தேர்வானார் ஒருவர். ஏடுகளிலும் பெண், எண்ணத்திலும் பெண். மருத்துவச் சோதனை அவரைப் பெண்ணல்லர் என்றது, வேலை பறிபோயிற்று. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம்தான் அந்த அநீதியைத் துடைத்தது. ஏடு பெண் என்றால் மருத்துவரை நம்புவார்கள். ஆள் பெண் என்றால் ஏட்டை நம்புவார்கள். ஆளை மட்டும் எந்நாளும் நம்பமாட்டார்கள்!

அதே 2014ஆம் ஆண்டு, ஏப்ரல் 15ஆம் நாள், உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது: தம் பாலினம் எதுவெனத் தீர்மானிப்பது அவரவர் உரிமை, அறுவை சிகிச்சை செய்துகொண்டாயா என்று கேட்பது சட்டத்திற்குப் புறம்பானது. பின்னர் 2019இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. திருநர் என்று மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் பெற உறுதிமொழி போதும், மருத்துவச் சோதனை வேண்டாம் என்றன 2020இல் வந்த விதிகள். நன்று! ஆனால் அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு என்ன சொல்லிற்று? ஏட்டில் ஆண் என்றோ பெண் என்றோ மாற்ற, அறுவை சிகிச்சைக்கு மருத்துவ அதிகாரியின் சான்று கொண்டு வா என்றது! நீதிமன்றம் முன்வாசல் வழியே வெளியே அனுப்பிய மருத்துவரைச் சட்டம் பின்வாசல் வழியே அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்திற்று. மனிதரின் மானத்தைக் கத்தியால் அளக்கும் இந்த அளவுகோலை எவர் எந்தப் பெயரில் எடுத்து வந்தாலும், நம் மறுமொழி ஒன்றுதான்: வேண்டாம்!

"ஏமாற்றுக்காரர் புகுந்துவிட்டால்?" என்று அடுத்த அம்பு. எந்த ஆதாயத்திற்காக ஐயா புகுவார்? வீட்டைவிட்டு விரட்டப்படும் ஆதாயத்திற்காகவா? வாடகைக்கு வீடு மறுக்கப்படும் ஆதாயத்திற்காகவா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆண், பெண் இரண்டிலும் சேராமல் பதிவானவர்கள் தமிழகத்தில் 22,364 பேர். கோடிகளுக்கு நடுவே ஒரு கைப்பிடி! இந்தக் கைப்பிடி மனிதரைக் கண்டா கோட்டை நடுங்குகிறது?

அயர்லாந்தில் லிடியா ஃபாய் என்னும் பல் மருத்துவர் தம் பிறப்புச் சான்றிதழைத் திருத்தக் கேட்டது 1993இல். அதற்கான சட்டம் பிறந்தது 2015இல். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒருவரை வாயிலில் நிறுத்தி வைத்தது ஓர் அரசு. அர்ஜென்டினாவோ மருத்துவரும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம், உரியவர் சொல்லே போதும் என்று 2012இலேயே சட்டம் செய்தது. அந்த நாடு அழிந்துவிடவில்லை!

தமிழகத்திலேயே சான்று உண்டு. சேலத்தில் பிறந்த பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, சான்றிதழ்ப் பெயர் பொருந்தவில்லை என்று மனு தள்ளப்பட்டது. 2015இல் உயர் நீதிமன்றம் நீதி வழங்கியது. 2017இல் பணி ஏற்று, திருப்பத்தூருக்குத் தொலைவில் இல்லாத தருமபுரியில் பணியாற்றினார். ஏட்டை நம்பியிருந்தால் ஓர் அதிகாரியை நாடு இழந்திருக்கும். ஆனால் எத்தனை பேரால் உயர் நீதிமன்றம்வரை நடக்க முடியும்?

இந்தியாவிலேயே முதன்முதலாக, 2008 ஏப்ரல் 15இல், திருநங்கையர்க்கு நல வாரியம் கண்ட மாநிலம் இது. அந்தப் பெருமை சுவரில் மாட்டும் படமாக நின்றுவிடக் கூடாது. ஓர் உறுதிமொழி, ஒரே மனு, அதன்படி எல்லா ஏடுகளும் திருந்த வேண்டும். பள்ளிச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் அதில் அடங்க வேண்டும். மக்கள் மலையிறங்குவதற்கு மாறாக அலுவலர் மலையேறி, புதூர்நாட்டில் முகாம் நடத்த வேண்டும்.

தோழனே! முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருகிறது உன் கை. குடும்ப அட்டைக்கு அலைகின்றன உன் கால்கள். நாளை ஒரு திருநங்கையோ திருநம்பியோ உன் கிளை அலுவலகத்தின் படியேறினால், எழுந்து நின்று நாற்காலி கொடு. அவர் சொல்லும் பெயரால் அழை. அந்தப் பெயரையே மனுவில் எழுது. அலுவலகத்திற்கு அவரோடு நட. எழுத்தர் ஏட்டைக் காட்டினால், நீ ஆளைக் காட்டு!

ஏடுகள் மனிதர் எழுதியவை. மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம். திருத்துவோம்!