நள்ளிரவில் எழுதிய அன்னை

சிக்ரிட் உண்ட்செட் (1882–1949)

கிறிஸ்தவக் கதை என்றால் நல்லவர் வாழ்வார், தீயவர் வீழ்வார், இறுதியில் அனைவரும் கோவிலில் கூடுவர் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அத்தகைய கதைகளில் வரும் தாய்மார் சினங்கொள்வதில்லை, கணவன்மார் கடன்படுவதில்லை, பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவதில்லை. நூலை மூடிவிட்டு நம் வீட்டைத் திரும்பிப் பார்க்கும்போது, அந்தக் கதைக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றுகிறது. விசுவாசத்தை எழுத விரும்புவோர் வாழ்வின் கசப்பை மறைத்தே தீர வேண்டுமா? இவ்வினாவுக்குத் தம் எழுத்தாலும் வாழ்வாலும் விடை தந்தவர், நார்வே நாட்டு நாவலாசிரியை சிக்ரிட் உண்ட்செட் அம்மையார்.

அலுவலக மேசையில் பத்தாண்டுகள்

இவர் 1882 மே 20 அன்று டென்மார்க் நாட்டுக் கலுண்ட்போர்க் நகரில் பிறந்தார். தாய் டென்மார்க்கைச் சேர்ந்தவர். தந்தை இங்வால்ட் உண்ட்செட், பெயர் பெற்ற நார்வே தொல்பொருள் ஆய்வாளர். மகளுக்கு இரண்டு வயதானபோது குடும்பம் நார்வேயின் தலைநகருக்குக் குடிபெயர்ந்தது. இன்று ஆஸ்லோ எனப்படும் அந்நகர் அந்நாளில் கிறிஸ்டியானியா என்று வழங்கிற்று. பழம்பொருள்களும் வடநாட்டுப் பழங்கதைகளும் நிறைந்த அவ்வீட்டில் வளர்ந்த சிறுமிக்கு, மாண்டுபோன மாந்தரும் அண்டைவீட்டார் போலவே தோன்றினர்.

பதினோராம் வயதில் தந்தையை இழந்தார். மூன்று பெண்மக்களுடன் தாய் வறுமையில் வாடினார். மூத்தவரான சிக்ரிட் பல்கலைக்கழகக் கனவைக் கைவிட்டு, வணிகக் கல்வி பயின்று, பதினாறாம் வயதில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் செயலாளர் பணியில் அமர்ந்தார். அங்குப் பத்தாண்டுகள் கழிந்தன. பகலெல்லாம் அலுவலகக் கடிதங்கள். இரவிலோ தமக்கென ஓர் உலகம்.

இடைக்கால வரலாற்றைப் பின்னணியாகக் கொண்டு அவர் முதலில் எழுதிய நாவலைப் பதிப்பகத்தார் திருப்பி அனுப்பிவிட்டனர். வரலாற்று நாவல் அவருக்கு ஒத்துவராது என்று அறிவுரையும் கூறினர். ஆகவே தம் காலத்துப் பெண்களின் வாழ்வை எழுதத் தொடங்கினார். கணவனுக்குத் துரோகம் இழைத்த மனைவி ஒருத்தியின் உள்ளத்தை ஆராயும் அவரது முதல் நூல் 1907 இல் வெளிவந்தது. 1911 இல் வெளியான ‘யென்னி’ அவருக்குப் புகழையும் கடும் எதிர்ப்பையும் ஒருங்கே தேடித் தந்தது. அந்நாள்வரை அவர் விசுவாசத்தில் ஊன்றியவர் அல்லர்; சமயத்தைப் பற்றி ஐயமே மிகுந்திருந்த காலம் அது.

உறங்கும் பிள்ளைகளின் அருகே

1912 இல் ஓவியர் ஆண்டர்ஸ் ஸ்வார்ஸ்தாட்டை மணந்தார். அவரோ முன்னரே மணமாகி, மணமுறிவு பெற்று, மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையானவர். சிக்ரிட்டுக்கும் மூன்று மக்கள் பிறந்தனர். இரண்டாவதாக 1915 இல் பிறந்த மாரென் ஷார்லொட், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தை. மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1919 இல் இரு குழந்தைகளுடனும், வயிற்றில் மூன்றாம் குழந்தையுடனும், அவர் லில்லிஹாமர் என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்.

பதிப்பகத்தார் அன்று வேண்டாமென்று தள்ளிய இடைக்கால உலகம் இங்கேதான் உயிர்பெற்று எழுந்தது. பகற்பொழுது வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. அவர்கள் உறங்கிய பின்னரே அவர் எழுத அமர்ந்தார். 1920, 1921, 1922 என ஆண்டுக்கொன்றாக வெளிவந்த மூன்று பாகங்களே ‘கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்தாத்தர்’ என்னும் பெருநாவல். அமைதியான அறை கிடைத்தால் எழுதலாம், ஓய்வு கிடைத்தால் செபிக்கலாம் என்று காத்திருப்போர் இம்மூன்று ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பது நலம்.

முழந்தாளிட மறுத்த உள்ளம்

கதை பதினான்காம் நூற்றாண்டு நார்வேயில் நிகழ்கிறது. பக்தியும் பாசமும் மிக்க லாவ்ரன்ஸ் என்னும் நிலக்கிழாரின் அருமை மகள் கிறிஸ்டின். தந்தை நிச்சயித்த நல்ல மணமகனை ஒதுக்கிவிட்டு, எர்லெண்ட் என்னும் பொறுப்பற்ற வீரனிடம் அவள் மனத்தைப் பறிகொடுக்கிறாள். கன்னியர்க்குரிய மணமுடி சூடி அவள் நிற்கும் நாளில், வயிற்றில் கரு வளர்வதைத் தந்தை அறியார். பின்னர் அக்குழந்தையைச் சுமந்துகொண்டு, புனித ஓலாவின் கல்லறை அமைந்த நிதரோஸ் பேராலயத்துக்கு நடந்தே திருயாத்திரை செல்கிறாள்.

மற்றொருவர் எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பாவம், மனவருத்தம், மன்னிப்பு, மங்களம்! உண்ட்செட் அம்மையார் அப்படி முடிக்கவில்லை. அழுது மன்னிப்புப் பெற்றவளே தன் கணவனை மன்னிக்க முடியாமல் ஆண்டுக்கணக்காக உழல்கிறாள். ஏழு புதல்வர்களை வளர்க்கிறாள், நிலத்தைக் காக்கிறாள், கணவனின் பழைய பிழைகளை ஒவ்வொன்றாக நினைவில் அடுக்கி வைக்கிறாள். இறைவனை நம்புகிறாள், ஆனால் தன் விருப்பத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மறுக்கிறாள். இவளை நாம் அறியோமா? நம் இல்லங்களில் செபமாலையும் மனக்கசப்பும் ஒரே கூரையின் கீழ் வாழ்வதில்லையா?

கைம்பெண்ணான கிறிஸ்டின் இறுதியில் கன்னியர் மடத்தை அடைகிறாள். 1349 இல் கொள்ளைநோய் நாட்டைச் சூறையாடுகிறது. அச்சத்தால் அறிவிழந்த சிலர் ஒரு சிறுவனை உயிரோடு புதைத்துப் பலியிட முனைகையில், அவள் குறுக்கே பாய்ந்து அவனைக் காக்கிறாள். எவரும் தொட அஞ்சிய அவன் தாயின் பிணத்தை எடுத்துவரச் செல்கிறாள். நோய் அவளையும் பற்றுகிறது. தன் மணமோதிரத்தை அந்த ஏழைப் பெண்ணின் ஆன்மாவுக்காகத் திருப்பலி நிறைவேற்றக் கொடுத்துவிடுகிறாள். மோதிரம் இருந்த விரலில், அதில் பொறித்திருந்த தேவமாதாவின் முதலெழுத்து தழும்பாகப் பதிந்திருப்பதைக் காண்கிறாள். தான் முரண்டு பிடித்த நாள்களிலும் இறைவன் தன்னைத் தம் ஊழியக்காரியாகவே வைத்திருந்தார் என்று அவளுக்கு அப்போது விளங்குகிறது. அதற்கு ஒரு வாழ்நாள் தேவைப்பட்டது. பாவத்தின் விளைவை ஒரு துளியும் குறைத்துக் காட்டாததனாலேயே, அருளின் பொறுமை இந்நூலில் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

விலை கொடுத்த விசுவாசம்

இடைக்கால மாந்தரை எழுதியவர், அவர்களைத் தாங்கிய விசுவாசத்தின் வாசலுக்கும் வந்து சேர்ந்தார். 1924 நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாளன்று, கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். லுத்தரன் சபையே அரசின் சபையாக விளங்கிய நார்வேயில் கத்தோலிக்கர் அன்று மிகச் சிறு தொகையினர். இயேசு சபையினர் நாட்டுக்குள் வருவதையே அரசியல் சட்டம் 1956 வரை தடுத்திருந்தது. எனவே எதிர்ப்பும் ஏளனமும் எழுந்தன. கணவரின் முந்தைய மனைவி உயிரோடிருந்ததால், அவரது திருமணத்தைத் திருச்சபை செல்லத்தக்கதாக ஏற்கவில்லை. அந்த வேதனையையும் அறிந்தே அவர் முடிவு செய்தார். 1928 இல் புனித சாமிநாதரின் மூன்றாம் சபையிலும் சேர்ந்தார்.

தாம் செய்த கொலையை வாழ்நாளெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் கூறாமல் மறைத்த ஒருவனின் கதையை, 1925 முதல் 1927 வரை மற்றொரு பெருநாவலாகத் தந்தார். பின்னர், தம் காலத்தவர் ஒருவரின் மனமாற்றத்தை எழுதிய நாவல்களில் வாதம் ஓங்கிக் கதை மெலிந்தது என்று திறனாய்வாளர் பலர் கூறுவர். போதிக்க முற்படும்போது கதை தளரும் என்பதற்கு அவரே சான்றாகவும் அமைந்தார்.

பரிசு போன வழி

1928 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவரை நாடி வந்தது. அப்பரிசைப் பெற்ற பெண்களில் அவர் மூன்றாமவர். பரிசுத் தொகையை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அதன் ஒரு பங்கைக் கொண்டு, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பேணும் பெற்றோருக்கு உதவ, தம் மகளின் பெயரால் ஓர் அறநிதி நிறுவினார். உலகம் மறைத்துவைக்கச் சொல்லும் பிள்ளையின் பெயரை அந்தத் தாய் அறநிதிக்கே சூட்டினார்! 1940 இல், போரால் துன்புற்ற பின்லாந்துக்கு உதவ நோபல் பதக்கத்தையும் கொடுத்துவிட்டார்.

துன்பம் அவரை விடவில்லை. 1939 இல் மகள் இறந்தாள். 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நார்வேயில் புகுந்தது. நாத்சிக் கொள்கையை நெடுநாளாகக் கண்டித்து வந்த அவர் தப்பிச் செல்ல நேர்ந்தது. மூத்த மகன் ஆண்டர்ஸ் அம்மாத இறுதியில் போரில் வீழ்ந்த செய்தி, சுவீடனை அடைந்த பின்னரே அவருக்கு எட்டியது. எஞ்சிய மகனுடன் ரஷ்யாவையும் ஜப்பானையும் கடந்து அமெரிக்கா சேர்ந்து, அங்கிருந்து தாய்நாட்டின் விடுதலைக்காக எழுதியும் பேசியும் வந்தார். 1945 இல் நாடு திரும்பினார். சியென்னா நகர்ப் புனித கத்தரீனம்மாளின் வரலாற்றை எழுதி முடித்தார். அது அவர் மறைந்தபின் 1951 இல் வெளிவந்தது. 1949 ஜூன் 10 அன்று லில்லிஹாமரில் உயிர் நீத்து, மெஸ்னாலியில் தம் மகளும் மகனும் துயிலும் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இனிக்கும் நூல் எல்லாம் நல்ல நூல் ஆகிவிடாது. வீட்டுக்கு ஒரு நாவல் வாங்கும்போது, அது உண்மை பேசுகிறதா, பேசிய பின்னும் நம்பிக்கையை விட்டுவைக்கிறதா என்று பார்த்து வாங்குவோம். வாங்கி வாசித்த பின், நம் பங்கிலும் வாய்பேசாத, நடக்கமுடியாத பிள்ளையைப் பல்லாண்டுகளாக வீட்டிலேயே வைத்துப் பேணும் ஒரு தாய் இருக்கக்கூடும். திருநாளுக்கும் கோவிலுக்கு வரமுடியாத அவர் வீட்டுக் கதவை, வரும் ஞாயிறன்று நாம் சென்று தட்டலாமே.