உப்புக்கு விலை வியாபாரி சொல்வார்... வீடியோ கேமுக்கு யார் சொல்வது?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை நோக்கி வருபவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டதைப் பெயர்ப்பலகை சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை வெள்ளையாக நிற்கும் உப்புக் குவியல்களே சொல்லிவிடும். வெயில் காலம் முழுக்கப் பாத்தியில் நின்று உப்பு வாருபவர்கள் கையில் ஒன்று மட்டும் இல்லை. அது விலை! அமோகமாக விளைந்தால் விலை இறங்கும். மழை முந்திக்கொண்டால் விலை ஏறும். ஆனால், அப்போது விற்பதற்கு உப்பு குறைவாகத்தான் இருக்கும்.

இதே கரையில் ஒரு கல்லூரி மாணவி தன் லேப்டாப்பில் ஒரு வீடியோ கேம் உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய நிறுவனத்தின் பணம் இல்லை. தனி ஆளாகவோ, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தோ செய்வது. இவற்றை 'இண்டி கேம்' என்பார்கள். கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் 'ஸ்டீம்' போன்ற ஆன்லைன் கடையில் 100 டாலர் கட்டணம் கட்டி அவரும் கடை விரிக்கலாம். அங்கே விலை சொல்ல வியாபாரி வரமாட்டார். ஒரு காலிக் கட்டம் இருக்கும். அதில் விலையை அவரே நிரப்ப வேண்டும்.

கேட்கச் சுகமாக இருக்கிறது, இல்லையா? உண்மையில் பல இண்டி கேம் தயாரிப்பாளர்கள் தடுமாறுவது இந்தக் கட்டத்தில்தான்.

அடக்க விலை உதவாது

ஒரு மூட்டை உப்புக்குக் கூலி, சாக்கு, வண்டி வாடகை என்று செலவு உண்டு. அடுத்த மூட்டைக்கும் அதே செலவு திரும்ப வரும். கேம் அப்படியல்ல. இரண்டு, மூன்று வருட உழைப்பு மொத்தமும் முதல் பிரதி விற்பதற்கு முன்பே செலவாகிவிடும். அதன் பிறகு பத்தாயிரம் பிரதி விற்றாலும் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. அதனால், 'அடக்க விலையோடு கொஞ்சம் லாபம்' என்ற மளிகைக்கடைக் கணக்கு இங்கே எடுபடாது.

அப்போ எதை வைத்து விலை சொல்வது? பலரும் கையில் எடுக்கும் அளவுகோல், நேரம். 'எத்தனை மணி நேரம் விளையாடலாம்? அதற்கு இத்தனை ரூபாய்.' இந்த அளவுகோல் எங்கே உடைகிறது என்பதற்கு நம் வீட்டுச் சமையலறையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

ஒன்றரை மணி நேர 'வெண்பா'

கனடாவின் டொரன்டோவில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு, 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும். விட்டுப்போனதை நாம் யூகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்ய வேண்டும். நடுவே, தமிழை விட்டு விலகிப்போகும் மகன் கவினும் வளர்ந்துகொண்டிருப்பான்.

விலை 14.99 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 1,230 ரூபாய். விளையாடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். 'இவ்வளவு சின்ன கேமுக்கு இந்த விலையா?' என்ற கேள்வி எழாமல் இல்லை. ஆனால், 2024-ல் இண்டி கேம்களுக்கான ஐ.ஜி.எஃப் விழாவின் பெரும் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருதும் 'வெண்பா'வுக்கே கிடைத்தன. இரண்டு மணி நேரப் படத்தைவிட மூன்று மணி நேரப் படத்துக்கு டிக்கெட் அதிகமாக இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லையே! 

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டீமில் வாங்கி 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்குபவருக்கு நல்ல பாதுகாப்புதான். ஆனால், ஒன்றரை மணி நேர கேமை முழுசாக முடித்துவிட்டும் பணத்தைத் திரும்பப் பெற முடியும். இலை போட்டுச் சாப்பிட்டு முடித்துவிட்டு, பில்லைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி. சின்ன கேம் செய்பவர்கள் விலையைக் குறைக்கச் சொல்லி உள்ளுக்குள் ஒரு பயம் விரட்டுவது இதனாலும்தான்.

500 ரூபாயில் கைக்கு வருவது எவ்வளவு?

மரக்காணம் மாணவி 500 ரூபாய் விலை வைக்கிறார் என்று கொள்வோம். அதற்குள் 18 சதவிகித ஜி.எஸ்.டி அடக்கம் என்றால், வரி போக மிஞ்சுவது சுமார் 424 ரூபாய். அதில் ஸ்டீம் எடுத்துக்கொள்ளும் பங்கு 30 சதவிகிதம். கைக்கு வருவது 297 ரூபாய்க்கும் கீழே. இதில்தான் இசையமைத்தவர், படம் வரைந்தவர், வருமான வரி, அடுத்த கேம் உருவாகும்வரை வீட்டுச் செலவு எல்லாம்.

'யார் வாங்கப்போகிறார்கள்' என்ற தயக்கத்தில் 250 ரூபாய் என்று வைத்தால்? பிரதிக்கு 148 ரூபாய். அதே வருமானத்துக்கு இரண்டு மடங்கு பேர் வாங்க வேண்டும். பாதி விலை என்பதற்காக மட்டும் இரண்டு மடங்குக் கூட்டம் வந்துவிடாது. கேம் இருப்பதே தெரியாதவருக்கு 500-ம் ஒன்றுதான், 250-ம் ஒன்றுதான்.

தள்ளுபடி எனும் இருமுனைக் கத்தி

ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருந்து புடவை எடுப்பது நமக்குப் பழக்கம். கேம் வாங்குபவர்களும் அப்படித்தான். பிடித்த கேமை 'விஷ்லிஸ்ட்'டில் போட்டு வைப்பார்கள். 20 சதவிகிதமோ அதற்கு மேலோ தள்ளுபடி வந்தால் ஸ்டீமே அவர்களுக்கு மெயில் அனுப்பும். தொடக்க விலை ரொம்பக் குறைவாக இருந்தால், பிறகு தள்ளுபடி தர இடமே இருக்காது. அடிக்கடி தள்ளுபடி தந்தாலோ, முழு விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள்.

இந்த முடிச்சை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக அவிழ்த்திருக்கிறார்கள். செக் நாட்டின் 'ஃபேக்டோரியோ' குழு தள்ளுபடியே கிடையாது என்று சொல்லிவிட்டது. 2023-ல் 30 டாலரை 35 டாலராக உயர்த்தவும் செய்தது. அமெரிக்காவின் எரிக் பரோன் தனி ஆளாக உருவாக்கிய 'ஸ்டார்டியூ வேலி' 2016-ல் 14.99 டாலருக்கு வந்தது. அதன் பிறகு சேர்த்த புதுப் பகுதிகளையெல்லாம் இலவசமாகவே தந்தார். விற்பனை 4 கோடி பிரதிகளைத் தாண்டியது. 'வாம்பயர் சர்வைவர்ஸ்' 2021-ல் முழுமை பெறாத நிலையில் 2.99 டாலருக்கு வந்து, 2022-ல் முழு வடிவத்தில் 4.99 டாலர் ஆனது. 2023-ல் பாஃப்டாவின் சிறந்த கேம் விருதையே தட்டிச் சென்றது.

மூவர் வழியும் வேறு. ஆனால், ஒரு விஷயத்தில் மூவரும் ஒன்று. விலையில் ஒரு வாக்குறுதி இருந்தது. அதை அவர்கள் மீறவில்லை. 'இன்று வாங்குங்கள், நாளை குறையாது' என்றார் ஒருவர். 'ஒருமுறை கொடுத்தால் போதும்' என்றார் இன்னொருவர். 'இப்போதே வருபவருக்குச் சலுகை' என்றார் மூன்றாமவர்.

மழையும் உண்டு!

'உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று' என்பார்கள். கேம் சந்தைக்கும் அந்த மழை உண்டு. ரசிகர்கள் பல வருடம் காத்திருந்த 'ஹாலோ நைட்: சில்க்சாங்', 2025 செப்டம்பர் 4 அன்று வெளியாகும் என்று இரண்டே வாரம் முன்னால் அறிவிக்கப்பட்டது. விலை 19.99 டாலர்தான். அதைக் கேட்டதும் சில இண்டி கேம்கள் தங்கள் வெளியீட்டையே தள்ளிவைத்தன. எவ்வளவு யோசித்து விலை வைத்தாலும், எந்த நாளில் கடை திறக்கிறோம் என்பதும் விலையைப் போலவே முக்கியம்.

வாங்குபவர் கையிலும் இருக்கிறது

நம் ஊரில் டாலர் விலையை அப்படியே ரூபாயாக மாற்றினால் பலருக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் ஸ்டீம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விலையைப் பரிந்துரைக்கிறது. இந்தியாவுக்கான பரிந்துரை, நேரடி டாலர் மாற்று மதிப்பைவிடக் குறைவு. ஏற்பதும் மறுப்பதும் கேம் உருவாக்கியவர் விருப்பம். இந்தியாவில் ஒரு விலை, அமெரிக்காவில் ஒரு விலை என்று வைப்பது ஏமாற்று வேலை அல்ல. இரண்டு ஊர்ச் சம்பளமும் ஒன்றல்ல என்ற நியாயம்தான் அது.

உங்கள் வீட்டுப் பிள்ளை கேம் உருவாக்குகிறேன் என்று உட்கார்ந்தால், 'முதல்ல சும்மா கொடு, பேர் கிடைக்கட்டும்' என்று சொல்லிவிடாதீர்கள். அதே மாதிரி கேம்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று பத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வரியும் கடைப் பங்கும் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். முதல் தள்ளுபடி எப்போது, எவ்வளவு என்பதை வெளியீட்டுக்கு முன்பே முடிவுசெய்யச் சொல்லுங்கள்.

நீங்கள் வாங்குபவர் என்றால், உங்கள் மொழி பேசும் ஒரு சின்ன கேம் பிடித்திருந்தால், ஒரே ஒரு முறையாவது தள்ளுபடிக்குக் காத்திருக்காமல் முழு விலைக்கு வாங்கிப் பாருங்கள். அந்தப் பணத்தில்தான் அவர்களுடைய இரண்டாவது கேம் இருக்கிறது.