முகம் கொடுத்தவளுக்கு என்ன கொடுத்தோம்?

'இந்தியக் கிராமத்துப் பெண்' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஸ்டாக் படங்கள் விற்கும் எந்தத் தளத்தில் வேண்டுமானாலும் தேடிப் பாருங்கள். குடம் சுமப்பவள், களை எடுப்பவள், பூக் கட்டுபவள், விறகடுப்பு ஊதுபவள் என்று வரிசையாக வந்து நிற்பார்கள். படம் எடுத்தவர் பெயர் இருக்கும். படத்தின் அளவும் விலையும் இருக்கும். அவள் பெயர் மட்டும் இருக்காது. அந்த இடத்தில் குறிச்சொற்கள் இருக்கும்: ஏழை, பாரம்பரியம், உழைப்பு, புன்னகை.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் கல்லூரிகள். காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி ரயில் நிலையங்களில் காலையில் இறங்கும் கூட்டத்தில் பெரும்பகுதி மாணவர்கள். அதே நடைமேடையில் கூடையோடு உட்கார்ந்திருப்பவர்கள் பூக்காரப் பெண்கள், வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்கள். இவர்கள் கையில் கேமரா, அவர்கள் கையில் கூடை. இந்த இரண்டுக்கும் நடுவில் இப்போது ஒரு சந்தை வந்து உட்கார்ந்திருக்கிறது. நிறுவனம் 'பிரீஃப்' ஒன்றை அனுப்பும்: இன்ன பொருள், இத்தனை படங்கள், இத்தனை நொடி வீடியோ, இன்ன தேதிக்குள். தேர்வானால் பணம். இதற்கு அசைன்மென்ட் என்று பெயர். பிரீஃபில் தவறாமல் வரும் சொல் 'அசல்'. அசலான கிராமம், அசலான முகம். அசலாக வாழ்கிறவளுக்கு அதில் பங்கு உண்டா என்பது எந்த பிரீஃபிலும் வராது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளைகள் கேமரா எடுப்பதையும் சம்பாதிப்பதையும் கேள்வி கேட்கும் கட்டுரை இல்லை இது. அப்பாவிடம் கை நீட்டாமல் ரயில் சீசன் டிக்கெட் எடுக்கிற மாணவியின் நிமிர்வு எனக்குத் தெரியும். அவளும் இந்தச் சங்கிலியில் சுரண்டப்படுகிறவள்தான். 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக் தன் கட்டண முறையை மாற்றியது. படம் கொடுப்பவருக்கு 15 முதல் 40 சதவீதம். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எல்லோரும் மறுபடி அடிப்படியிலிருந்து ஏறவேண்டும். ஒரு பதிவிறக்கத்துக்குக் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகை 10 சென்ட். என் மாணவிக்குப் பத்து சென்ட் என்றால் படத்தில் இருக்கும் பூக்காரம்மாவுக்கு எவ்வளவு? பெரும்பாலும் பூஜ்யம். மிஞ்சினால் ஒரு டீ.

"கையெழுத்து வாங்கிவிட்டோமே மேடம்" என்பார்கள். அந்தக் கையெழுத்தைத்தான் பார்க்க வேண்டும். விளம்பரத்துக்கு விற்கும் படமானால் 'மாடல் ரிலீஸ்' என்ற படிவத்தில் படத்தில் இருப்பவர் ஒப்பமிட வேண்டும், சாட்சியும் போடுவார். சட்ட ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாளின் சாரம் இவ்வளவுதான்: உலகம் முழுக்க, எக்காலத்துக்கும், எந்த நோக்கத்துக்கும் என் உருவத்தைப் பயன்படுத்தலாம், திரும்பப் பெற மாட்டேன். நிலப் பத்திரத்தை வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கியவர்களை நம் ஊர்களில் என்ன பெயர் சொல்லி அழைத்தோம்? அதே வேலையை 'அக்கா, ஒரு சைன் போடுங்க' என்று சிரித்துக்கொண்டே செய்தால் அது சம்மதம் ஆகிவிடுமா? வேண்டாம் என்று சொல்ல முடிந்தவள் சொல்வதுதான் சம்மதம். படுக்கையறைக்கு நாம் கேட்கும் இந்த விதியைப் படத்துக்கும் கேட்போம்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்பவர்களுக்கு இரண்டு செய்திகள். 2011இல் நியூயார்க்கில் ஒரு பெண், இசை ரசனை பற்றிய இணையக் கட்டுரைக்காகப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் கெட்டி இமேஜஸுக்குப் போனது. 2013இல் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உரிமை பற்றி மாநில மனித உரிமைப் பிரிவு வெளியிட்ட விளம்பரத்தில், தனக்குத் தொற்று உண்டு என்று சொல்பவராக அவர் முகம் வந்தது. அவருக்குத் தொற்று இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் போட்டிருக்கவில்லை. அவர் வழக்குப் போட்டார்; 2014இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. எச்.ஐ.வி. இழிவல்ல. ஒருத்தியின் வாயில் அவள் சொல்லாத சொல்லை வைப்பதுதான் இழிவு.

இரண்டாவது நம் நாட்டில். 2021 பிப்ரவரியில், மேற்கு வங்கத் தேர்தலுக்குச் சற்று முன், பிரதமர் வீட்டுவசதித் திட்ட விளம்பரம் நாளிதழ்களில் வந்தது. பிரதமர் படத்தோடு, வீடு கிடைத்த பயனாளியாக ஒரு பெண் சிரிக்கிறார். செய்தியாளர்கள் தேடிப் போனபோது அவர் கொல்கத்தாவில் ஒற்றை வாடகை அறையில் குடும்பத்தோடு இருந்தார். வீடு வரவில்லை. படம் எடுத்ததே தெரியாது என்றார். வீடில்லாதவளின் முகத்தை வைத்தே அவளுக்கு வீடு கொடுத்ததாகச் சொல்ல முடிகிறதென்றால், அந்த முகம் யாருடையது?

இது புதிய நோயல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் முன்னோரை நிற்கவைத்து மூக்கை அளந்தார், படம் எடுத்தார். 1909இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் அச்சிட்டார். அங்கே பெண் ஒரு ஆள் அல்ல, ஒரு 'வகை'. சாதிப் பெயர் உண்டு, அவள் பெயர் கிடையாது. இன்றைய குறிச்சொல் அந்த அளவுகோலின் பேத்தி.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு ஐயம் எழலாம். அகத்திணையில் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதிதானே, பெயரின்மை நம் மரபுதானே என்று. அங்கே பெயரை மறைத்தது பேசுபவளைக் காக்க. ஊர் அலர் தூற்றும் உலகில் அவள் தன் மனத்தை முழுதாகச் சொல்ல அந்த மறைவு இடம் தந்தது. ஸ்டாக் படத்தில் பெயரை எடுத்துவிட்டு முகத்தைக் காட்டுகிறார்கள். பேச்சும் இல்லை, மறைவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். படத்தில் இருப்பவருக்கு அதில் இடமில்லை. ஆனால் நக்கீரன் ஆசிரியர் தொடுத்த ஆட்டோ சங்கர் தன்வரலாறு வழக்கில், 1994லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது தனிமை உரிமையை மீறுவது. 2015இல் ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் ஒரு இந்திப் படம் பயன்படுத்தக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். நல்லது. முகத்துக்கு உரிமை உண்டு என்று நிலைநாட்டியாயிற்று. வக்கீல் வைக்க முடிந்தவர் முகத்துக்கு மட்டும்தானா என்பதுதான் பாக்கி.

இப்போது பங்கு இன்னும் பெரிதாகிவிட்டது. 2021 முதல் ஷட்டர்ஸ்டாக் தன் படக் களஞ்சியத்தை ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்காகக் கொடுத்து வருகிறது. படம் எடுத்தவர்களுக்கென ஒரு நிதியையும் வைத்தது. படத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பைசா இல்லை. 2025இல் நம் கரூரிலிருந்து ஒரு செய்தியை லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் எழுதியது: நெற்றியில் கேமரா கட்டிய தொழிலாளர்கள் துண்டை மடித்துக்கொண்டே இருக்கிறார்கள், அந்த வீடியோவைப் பார்த்து மனித உருவ ரோபோக்கள் மடிக்கக் கற்கும். துண்டு நெய்து அனுப்பிய ஊர் இப்போது மடிக்கும் கையையும் அனுப்புகிறது. நம் அம்மாக்கள் ஆயுள் முழுக்க மடித்தார்கள். அது வேலை என்று ஒருவரும் சொல்லவில்லை. எந்திரம் கற்க வேண்டும் என்றதும் அதற்கு 'டேட்டா' என்று பெயரும் விலையும் வந்துவிட்டன. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1000 ரூபாய் கொடுக்கத் தொடங்கிய இந்த மாநிலத்துக்கு, வீட்டு வேலையும் உழைப்பே என்பதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அந்த உழைப்பின் படத்துக்கும் அதே கணக்குத்தான்.

"பொது இடம், யாரும் எடுக்கலாம்" என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. பார்ப்பது வேறு, விற்பது வேறு. நடைமேடையில் பூ விற்பவளை யாரும் பார்க்கலாம். அதற்காக அவள் கூடையை எடுத்துப்போய் விற்க முடியாது. போராட்டத்தை, அத்துமீறலைப் படமெடுக்கும் செய்தியாளரின் உரிமையை நான் தொடவில்லை. அது சாட்சியம். நான் பேசுவது சரக்கைப் பற்றி.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டப்படட்டும். அவளுக்கு ஒரு பிரதி கொடுக்கப்படட்டும். நோய், வறுமை, கட்சி, எந்திரப் பயிற்சி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 'சரி', 'வேண்டாம்' கட்டம் இருக்கட்டும். அன்றைய கூலி உடனே, விற்றால் பங்கு. மனம் மாறினால் திரும்பப் பெறும் உரிமை. இவை இல்லாத ஸ்டாக் அசைன்மென்டுக்குக் கல்லூரிகள் மதிப்பெண் போடக்கூடாது. நிறுவனம் இதையெல்லாம் ஏற்காது என்பார்கள். ஏற்காவிட்டால் அந்தப் படம் விற்பனைக்கு உரியதல்ல என்று அர்த்தம்.

மாணவிகளே, கேமராவைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. எடுப்பதற்கு முன் அவள் பெயரைக் கேளுங்கள். கேட்ட பிறகு அவளை 'கிராமத்துப் பெண்' என்று விற்பது கொஞ்சம் கடினமாக இருக்கும். அந்தக் கடினம் நமக்குத் தேவை.