விழுந்தால் எடுக்காதே!

கையில் இருந்த பொருள் கீழே விழுகிறது. உடனே என்ன செய்வோம்? குனிந்து எடுப்போம்.

கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் புதிதாக வந்திருக்கிறார் ஒருவர். அவர் சுட வேண்டிய முறை இன்னும் வரவில்லை. துப்பாக்கியில் தோட்டாவும் இல்லை. அது அவருடைய கை தவறிக் கீழே விழுந்துவிடுகிறது. அது குற்றம் அல்ல. ஆனால் அதைக் குனிந்து எடுத்தாரோ, குற்றம்! அன்றைய போட்டியில் இருந்தே அவர் நீக்கப்படுவார்.

நடுவர்தான் வந்து எடுக்க வேண்டும். அவர் சோதித்துப் பார்த்த பிறகே துப்பாக்கி மீண்டும் உறைக்குள் போகும்.

"விழுந்ததை எடுப்பதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?" என்று கேட்கத் தோன்றும். பதறிக் குனிகிறவரின் விரல் விசையில் பட்டுவிடலாம். துப்பாக்கியின் முனை பக்கத்தில் நிற்பவரை நோக்கித் திரும்பிவிடலாம். அதனால்தான் இந்த விதி. இந்த விளையாட்டில் புதியவர் கற்க வேண்டிய முதல் பாடம் சுடுவது அல்ல, கையை அடக்குவதுதான்!

ஓடிக்கொண்டே சுடுவது

ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் வீரர்கள் நின்ற இடத்தில் நின்று சுடுகிறார்கள். இந்தப் போட்டியோ வேறு வகை. இதில் ஓட வேண்டும். தடுப்புக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டும். தோட்டா தீர்ந்தால் மாற்ற வேண்டும். அட்டைகளும் இரும்புத் தகடுகளும்தான் குறிகள்.

இது பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். 1950களில் அங்கே கௌபாய் படங்களைப் பார்த்தவர்களுக்கு, துப்பாக்கியை யார் முதலில் உருவுவது என்ற மோகம் பிடித்தது. மரைன் படையின் முன்னாள் அதிகாரி ஜெஃப் கூப்பர், பிக் பேர் ஏரி என்ற ஊரில் போட்டிகள் நடத்தினார். பலர் இடுப்புப் பக்கத்தில் வைத்தபடியே சடாரென்று சுட்டார்கள். வேகம் இருந்தது, குறிதான் தப்பியது!

ஜாக் வீவர் என்ற காவல்துறைக்காரர் வேறு வழியில் போனார். துப்பாக்கியை இரண்டு கைகளாலும் பிடித்தார். கண்ணுக்கு நேராக உயர்த்தினார். குறி பார்த்தார், பிறகு சுட்டார். ஒரு கணம் தாமதம்தான். ஆனால் குண்டு குறியில் பட்டது. வெற்றி அவருக்கே! பிறகு மற்றவர்களும் அவர் வழிக்கு வந்தார்கள்.

1976-ல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் இந்த விளையாட்டுக்கு உலக அமைப்பு தோன்றியது. கூப்பர் அதன் முதல் தலைவர் ஆனார். அமைப்பின் கொள்கை மூன்று சொற்கள்: துல்லியம், வலிமை, வேகம். வேகம் கடைசியில் நிற்பதைக் கவனியுங்கள்!

கணக்கு என்ன சொல்கிறது?

பெற்ற புள்ளிகளை, எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுக்க வேண்டும். இதுதான் கணக்கு. அட்டையின் நடுப்பகுதியில் பட்டால் 5 புள்ளிகள். தள்ளிப் பட்டால் குறையும். குறி தப்பினால் 10 புள்ளிகள் கழிக்கப்படும்.

ஆறு அட்டைகள், அட்டைக்கு இரண்டு குண்டு. முழுப் புள்ளி 60 என்று வைத்துக்கொள்வோம். நிதானமாகச் சுட்டவர் 15 விநாடிகளில் 60 புள்ளிகளும் பெறுகிறார். அவர் கணக்கு 4. அவசரக்காரர் 10 விநாடிகளில் முடிக்கிறார். ஆனால் இரண்டு குண்டுகள் தப்பிவிட்டன. மற்ற பத்தும் நடுவில் பட்டதால் 50 புள்ளிகள்; அதில் 20 போய்விடும். மிச்சம் 30, கணக்கு 3. வேகமாக ஓடியவர் தோற்றார்!

முதல் நாள் போகிறவருக்கு

விலை உயர்ந்த கருவிகள் எதுவும் வேண்டாம். சாதாரணமான 9 மி.மீ. கைத்துப்பாக்கி போதும். விசையை மூடிக் காக்கும் உறுதியான உறை, தடித்த பெல்ட், மாற்றுத் தோட்டாப் பெட்டிகள் சில, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு இவை வேண்டும்.

முதலில் ஒரு போட்டியைப் பார்க்கப் போவது நல்லது. தகடுகளை நிமிர்த்தவும், அட்டையில் விழுந்த ஓட்டைகளுக்கு ஒட்டுப் போடவும் கைகொடுக்கலாம். அங்கே எல்லோரும் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஒட்டுப் போடுகிற கைக்கு, குண்டு எங்கே பட்டது என்பது நன்றாகத் தெரியும்.

நடுவர் சொல்லும் வரை துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியைத் துடைக்கவும் சரிபார்க்கவும் தனி இடம் உண்டு. அங்கே தோட்டாவைத் தொடவே கூடாது. குறிகளைப் பார்த்து நின்று, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் துப்பாக்கி முனை திரும்பினால், உடனே வெளியேற்றம். ஓடும்போது விரல் விசைக் காப்புக்குள் இருந்தாலும் வெளியேற்றம். உலகச் சாம்பியனுக்கும் இதே விதிதான்!

வீட்டில் பழகுகிறவர்கள் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். பழகி முடிந்ததும் துப்பாக்கியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

இரக்கம் காட்டலாமா?

"புதியவர்தானே! பணம் கட்டி, வெகுதூரம் வந்திருக்கிறார். ஒரு முறை மன்னிக்கக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பதே நம் கருத்து. புதியவர் தோற்றால் தட்டிக் கொடுக்கலாம். கடைசி இடம் வந்தால் கை குலுக்கலாம். துப்பாக்கி முனை தவறாகத் திரும்பினால் மட்டும் இரக்கம் கூடாது. இன்று மன்னித்தால் அந்தப் பழக்கம் நாளை அவருடன் வீட்டுக்குப் போகும். அங்கே அவர் குழந்தை இருக்கும்!

அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்களிடம் துப்பாக்கி இருக்கிறது. கடையில் வாங்குவது எளிது. ஆனால் வாங்கியவரின் விரல் எங்கே இருக்கிறது, முனை எங்கே திரும்புகிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பவர் யார்? பலருக்கு அப்படி ஒருவர் கிடைப்பதே இல்லை. போட்டிக் களத்தில் அந்த ஆள் இருக்கிறார். அவர்தான் நடுவர். பரிசுக் கோப்பையைவிட அவருடைய கண்தான் அந்த விளையாட்டின் பெரிய லாபம்.

வெளியேற்றப்பட்டவர் அடுத்த போட்டிக்குத் திரும்பி வரலாம். சுட்ட குண்டு திரும்பி வராது.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. முதல் போட்டிக்குப் போகிறவர் வைத்துக்கொள்ள வேண்டிய ஆசை ஒன்றே ஒன்றுதான்: "நடுவர் இன்று என்னை வெளியேற்றக் கூடாது." அந்த ஆசை நிறைவேறினால், கடைசி இடம் கிடைத்தாலும் அவர் வென்றவரே!